எந்த மொழியில் பாடுவது? யூரோவிஷன் போட்டியின் மொழி வரலாறு

1956 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் முதல் யூரோவிஷன் பாட்டுப் போட்டி நடந்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் நடத்திய அந்தப் போட்டியில் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ், லக்சம்பர்க், இத்தாலி ஆகிய ஏழு நாடுகள் கலந்துகொண்டன. நாடு ஒன்றுக்கு இரண்டு பாடல் என மொத்தம் 14 பாடல்கள் மேடையேறின. டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என நான்கு மொழிகள் ஒலித்தன. ஆங்கிலப் பாடல் ஒன்றுகூட இல்லை. சுவிட்சர்லாந்தின் லிஸ் அசியா பிரெஞ்சில் பாடிய 'ரெஃப்ரேன்' முதல் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு பிரிட்டன் சேர்ந்தபோது பாட்ரீஷியா பிரெடின் 'ஆல்' என்ற பாடலுடன் ஆங்கிலத்தை அந்த மேடைக்குக் கொண்டுவந்தார்.

எந்த மொழியில் பாட வேண்டும் என்று அப்போது எந்த விதியும் இல்லை. விதிக்குத் தேவையும் எழவில்லை. இத்தாலியின் சான்ரெமோ விழாவை முன்மாதிரியாகக் கொண்டு உருவான போட்டி அது. ஒவ்வொரு நாடும் தன் பாட்டைத் தன் மொழியில் கொண்டுவருவது இயல்பாகவே இருந்தது. மொழி புரியாவிட்டாலும் மெட்டு போய்ச் சேரும் என்பதற்கு 1958இல் ஒரு சான்று கிடைத்தது. இத்தாலியின் டொமெனிக்கோ மொடுன்யோ பாடிய 'நெல் ப்ளூ டிபின்டோ டி ப்ளூ' போட்டியில் மூன்றாம் இடமே பெற்றது. ஆனால் 'வொலாரே' என்ற பெயரில் அது உலகெங்கும் பரவி, அமெரிக்காவின் முதல் கிராமி விருது விழாவில் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான விருதை வென்றது.

விதி பிறந்த கதை

1965இல் நேப்பிள்ஸ் நகரில் நடந்த போட்டியில் சுவீடனின் இங்வார் விக்செல் தன் பாடலை ஆங்கிலத்தில் பாடினார். 'ஆப்சென்ட் ஃப்ரெண்ட்' என்ற அந்தப் பாடல் பத்தாம் இடத்தையே எட்டியது. என்றாலும் ஒரு நாடு தன் மொழியை விட்டுவிட்டுச் சந்தைக்குப் பழகிய மொழியில் பாடலாமா என்ற கேள்வி எழுந்தது. 1966 முதல் ஒவ்வொரு நாடும் தன் தேசிய மொழிகளுள் ஒன்றில்தான் பாட வேண்டும் என்ற விதி வந்தது.

விதி எளிமையாகத் தோன்றினாலும் அதற்குள் கடினமான ஒரு கேள்வி இருந்தது: ஒரு நாட்டின் மொழி எது என்பதை யார் முடிவு செய்வது? 1968இல் ஸ்பெயின் சார்பில் பாட ஜோன் மானுவல் செர்ராத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கட்டலான் மொழிப் பாடகரான அவர் 'லா லா லா' என்ற பாடலைத் தன் தாய்மொழியில் பாட விரும்பினார். ஃப்ராங்கோவின் சர்வாதிகார ஆட்சி கட்டலான் மொழியைப் பொது வாழ்விலிருந்து ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. அனுமதி கிடைக்கவில்லை. செர்ராத் விலக, மாசியேல் என்ற பாடகி குறுகிய அவகாசத்தில் அதே பாடலை ஸ்பானிய மொழியில் பாடினார். லண்டனில் நடந்த அந்தப் போட்டியில் பிரிட்டனின் கிளிஃப் ரிச்சர்டை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்று, ஸ்பெயினுக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தார். கட்டலான் அந்த மேடையை எட்ட, அந்தோரா என்ற சிறு நாடு 2004இல் போட்டிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லக்சம்பர்க் இதன் மறுபக்கம். 1960இல் அந்நாடு லக்சம்பர்கிய மொழியில் அனுப்பிய பாடல் ஒரே ஒரு புள்ளியுடன் கடைசி இடம் பெற்றது. அதன் பின்னர் பல ஆண்டுகள் அந்நாடு பிரெஞ்சையே பெரிதும் நம்பியது. 1961, 1965, 1972, 1973, 1983 என ஐந்து முறை லக்சம்பர்க் வென்றது. ஐந்தும் பிரெஞ்சுப் பாடல்கள். அவற்றைப் பாடிய ஐவரில் நால்வர் பிரான்ஸ் நாட்டினர், ஒருவர் கிரேக்கர். விதி மீறப்படவில்லை, ஆனாலும் அந்த வெற்றிகளில் லக்சம்பர்கிய மொழியின் குரல் இல்லை.

மால்டாவின் அனுபவம் இன்னும் கசப்பானது. 1971இலும் 1972இலும் அந்நாடு மால்டிய மொழிப் பாடல்களை அனுப்பியது. இரண்டு முறையும் கடைசி இடம். 1975இல் திரும்பி வந்தபோது ஆங்கிலத்தில் பாடியது. ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழி என்பதால் விதி அதற்கு இடம் கொடுத்தது. அயர்லாந்தும் அப்படியே. அதன் அரசியலமைப்பு ஐரிஷ் மொழியை முதல் ஆட்சிமொழியாகவும் ஆங்கிலத்தை இரண்டாம் ஆட்சிமொழியாகவும் ஏற்கிறது. ஆனால் யூரோவிஷனில் அந்நாடு ஐரிஷ் மொழிப் பாடலை அனுப்பியது ஒரே ஒரு முறைதான். 1972இல் எடின்பரோவில் சாண்டி ஜோன்ஸ் பாடிய அந்தப் பாடல் 18 நாடுகளில் 15ஆம் இடம் பெற்றது. அயர்லாந்தின் ஏழு வெற்றிகளும் ஆங்கிலத்தில் வந்தவை.

பொருளற்ற ஒலிகளின் காலம்

மொழி தெரியாத நடுவர்களை எட்ட பாடலாசிரியர்கள் ஒரு வழி கண்டனர். எந்த மொழிக்கும் சொந்தமில்லாத அசைகளைப் பல்லவியில் வைத்தனர். ஸ்பெயினின் 'லா லா லா' அவ்வகையில் பெரும் வெற்றி. 1969இல் நான்கு நாடுகள் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டபோது பிரிட்டனின் பங்கு 'பூம் பேங்-அ-பேங்'. 1975இல் நெதர்லாந்தின் 'டிங்-அ-டாங்', 1984இல் சுவீடனின் 'டிக்கி-லூ டிக்கி-லே' ஆகியவையும் முதல் பரிசு பெற்றன. 1978இல் இஸ்ரேல் வென்ற 'அ-ப-நி-பி' சற்று வேறானது. எபிரேயக் குழந்தைகள் சொல்லின் அசைகளுக்கு நடுவே வேறு ஒலியைச் செருகிப் பேசும் ஒரு விளையாட்டு மொழியின் மேல் அமைந்த பல்லவி அது. கேட்பவருக்கு வெறும் ஒலியாகவும், தாய்மொழியாளருக்குப் பிள்ளைப்பருவ நினைவாகவும் அது இருந்தது.

நான்கு ஆண்டுச் சுதந்திரம்

1973இல் மொழிவிதி தளர்ந்தது. பின்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய வடபுல நாடுகள் உடனே ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டன. அந்நாடுகளின் மொழிகளுக்குத் தம் எல்லைக்கு வெளியே கேட்போர் மிகக் குறைவு. ஆங்கில இசைத்தட்டுகளோ அங்கே வீடுதோறும் சுழன்றுகொண்டிருந்தன.

1974 ஏப்ரல் 6 அன்று பிரைட்டன் நகரில் சுவீடனின் அபா குழு 'வாட்டர்லூ' பாடலைப் பாடியது. உள்நாட்டுத் தேர்வில் அதே பாடலைச் சுவீடிய மொழியில் பாடி வென்றவர்கள், போட்டி மேடையில் ஆங்கில வடிவத்தைப் பாடி முதலிடம் பெற்றனர். தொடர்ந்து உலகின் பெரும் இசைக்குழுக்களில் ஒன்றாக வளர்ந்தனர். அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் டீச்-இன் குழுவும் ஆங்கிலத்தில் வென்றது. 1976இல் பிரிட்டனே வென்றது. விதி இல்லாத நான்கு ஆண்டுகளில் மூன்று வெற்றிகள் ஆங்கிலத்துக்குப் போயின. போட்டி ஒரே மொழிக்குச் சுருங்கிவிடும் என்ற அச்சம் வலுத்தது.

1977இல் விதி மீண்டும் வந்தது. அதற்குள் பாடல்களைத் தேர்ந்தெடுத்துவிட்ட ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் மட்டும் அவ்வாண்டு ஆங்கிலத்தில் பாட அனுமதி கிடைத்தது. முதலிடம் பெற்றது பிரான்சின் மரி மிரியம், பாடல் பிரெஞ்சு.

விதியின் இரண்டாம் வாழ்வு: 1977 முதல் 1998 வரை

இந்த 22 ஆண்டுகள் சிறு மொழிகளுக்குச் சில அரிய வாய்ப்புகளைத் தந்தன. 1980இல் நார்வே அனுப்பிய 'சாமீத் அத்னன்' பாடலில் மத்திஸ் ஹேத்தா, சாமி மக்களின் தொன்மையான 'யோய்க்' பாடல்முறையை ஐரோப்பா முழுவதும் கேட்கப் பாடினார். அல்தா ஆற்றில் மின்நிலையம் அமைப்பதை எதிர்த்து சாமி மக்கள் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. பாடல் 19 நாடுகளில் 16ஆம் இடம் பெற்றாலும், நார்வேயில் நீண்டகாலம் ஒடுக்கப்பட்ட ஒரு இனத்தின் குரல் நாட்டின் குரலாகவே ஒலித்தது பெரிய நிகழ்வு. 1989இல் சுவிட்சர்லாந்து தன் நான்காம் தேசிய மொழியான ரோமான்ஷில் பாடியது. பிரெஞ்சை மட்டுமே குடியரசின் மொழியாக ஏற்கும் பிரான்சும், 1992இல் ஆன்டில்லஸ் தீவுகளின் கிரியோல் மொழியையும், 1993இல் கோர்சிகன் மொழியையும், 1996இல் பிரெத்தோன் மொழியையும் மேடையேற்றியது.

சொந்த மொழியில் வென்றவர்களும் பிற மொழிகளை மறக்கவில்லை. 1982இல் ஜெர்மனியின் 17 வயது நிக்கோல், அமைதியை வேண்டும் 'ஐன் பிஸ்கென் ஃப்ரீடன்' பாடலை ஜெர்மனில் பாடி வென்றார். வெற்றிக்குப் பின் மீண்டும் மேடையேறியபோது அதே பாடலை ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, டச்சு என நான்கு மொழிகளில் பாடினார். அதன் ஆங்கில வடிவம் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1988இல் சுவிட்சர்லாந்துக்காக செலின் டியோன் பிரெஞ்சில் பாடி, பிரிட்டனை ஒரு புள்ளியில் வென்றார். பிரெஞ்சு மொழிக்கு அது 14ஆவது வெற்றி. அதன்பின் இன்றுவரை பிரெஞ்சுப் பாடல் எதுவும் முதலிடம் பெறவில்லை.

ஆனால் ஆங்கிலத்தைத் தடுக்க வந்த விதி, ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கே பெரும் ஆதாயமாக மாறியது. பிரிட்டன், அயர்லாந்து, மால்டா ஆகிய மூன்று நாடுகளுக்கு மட்டுமே ஆங்கிலத்தில் பாடும் உரிமை இருந்தது. ஐரோப்பா முழுவதும் இளைஞர்கள் ஆங்கிலம் கற்று, ஆங்கிலப் பாடல்களைக் கேட்டு வளர்ந்துகொண்டிருந்தனர். 1992இல் மால்மோவில் முதல் மூன்று இடங்களும் அயர்லாந்து, பிரிட்டன், மால்டா என்ற வரிசையில் அமைந்தன. அயர்லாந்து 1992, 1993, 1994, 1996 என நான்கு முறை வென்றது. 1997இல் பிரிட்டன். விதி நடப்பில் இருந்த 22 போட்டிகளில் 8 வெற்றிகள் ஆங்கிலத்துக்குச் சென்றன.

பிற நாடுகளின் மனக்குறை 1994இல் வெளிப்படையாகவே தெரிந்தது. போலந்து முதன்முறையாகப் பங்கேற்ற ஆண்டு அது. டப்ளினில் நடுவர்கள் பார்த்த ஒத்திகையில் எதித்தா கூர்னியாக் தன் பாடலை ஆங்கிலத்தில் பாடினார். அது விதிமீறல் என்று ஆறு நாடுகள் முறையிட்டன. நீக்க வேண்டுமானால் 13 நாடுகள் முறையிட்டிருக்க வேண்டும் என்பதால் அவர் போட்டியில் நீடித்தார். இறுதிப் போட்டியில் போலிஷ் மொழியில் பாடி 166 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றார். 1995இல் நார்வே இன்னொரு வழியைக் காட்டியது. சீக்ரெட் கார்டன் குழுவின் 'நாக்டர்ன்' பாடலில் இருந்த நார்வேஜியச் சொற்கள் 24 மட்டுமே. மற்றவை வயலின் உள்ளிட்ட கருவிகளின் இசை. சொல்லைக் குறைத்து மொழித்தடையைத் தாண்டிய அந்தப் பாடல் முதல் பரிசு பெற்றது.

1999: கதவு முழுதாகத் திறந்தது

1999இல் ஜெருசலேமில் நடந்த போட்டியுடன் மொழிவிதி நீக்கப்பட்டது. நேரடி வாத்தியக் குழுவும் அதே ஆண்டில் மறைந்தது. மேடை இசைத்தட்டு உலகின் ஒலிக்கு முழுதாக மாறியது. சுவீடனின் ஷார்லட் நில்சன் ஆங்கிலத்தில் பாடி வென்றார். அதே போட்டியில் ஜெர்மனியின் சுர்ப்ரிஸ் குழு ஜெர்மன், துருக்கி, ஆங்கிலம், எபிரேயம் ஆகிய நான்கு மொழிகளில் பாடி மூன்றாம் இடம் பெற்றது. எந்த மொழியையும் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பல மொழிகளைச் சேர்த்துப் பாடவும் பயன்படுத்தலாம் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. பெரும்பாலான நாடுகள் அந்த வழியில் செல்லவில்லை.

2000இல் டென்மார்க், 2001இல் எஸ்தோனியா, 2002இல் லாட்வியா, 2003இல் துருக்கி என வெற்றிகள் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தன. 1975 முதல் பங்கேற்றும் வெல்லாமல் இருந்த துருக்கிக்கு செர்தாப் எரெனெரின் ஆங்கிலப் பாடலே முதல் வெற்றியைத் தந்தது. ஆனால் அதே 2003 போட்டியின் முடிவுகள் கூர்ந்து பார்க்க வேண்டியவை. துருக்கி 167 புள்ளிகள், பெல்ஜியம் 165, ரஷ்யா 164. ரஷ்யா ரஷ்ய மொழியில் பாடியது. பெல்ஜியத்தின் அர்பன் ட்ராட் குழு பாடிய 'சனோமி'யோ எந்த நாட்டிலும் பேசப்படாத, பாடலுக்கென்றே உருவாக்கிய மொழியில் அமைந்தது. டச்சு பேசுவோரும் பிரெஞ்சு பேசுவோரும் பிரிந்து நிற்கும் ஒரு நாடு, இரண்டையும் விட்டு இல்லாத மொழி ஒன்றில் பாடி, முதலிடத்தை இரண்டே புள்ளிகளில் தவறவிட்டது.

ஆங்கிலத்தின் ஆதிக்கத்துக்கு நடுவர்களின் பழக்கம் மட்டும் காரணம் இல்லை. பாடல் எழுதும் தொழிலும் மாறியது. தாய்மொழிப் பாடலுக்கு அந்நாட்டுக் கவிஞர் வேண்டும். ஆங்கிலப் பாடலை எந்த நாட்டில் எழுதி எந்த நாட்டுக்கும் கொடுக்கலாம். சுவீடனின் பாடலாசிரியர்கள் இதில் முன்னணிக்கு வந்தனர். 2011இல் அஜர்பைஜான் வென்ற பாடலை எழுதியவர்களும் சுவீடனையும் பிரிட்டனையும் சேர்ந்தவர்களே. கொடி ஒரு நாட்டுடையது, சொல்லும் மெட்டும் வேறு நாட்டுடையவை என்ற நிலை வந்தது.

எதிர்ப்பும் எழுந்தது. 2008இல் பிரான்ஸ் சார்பில் செபாஸ்தியன் தெலியே ஆங்கிலத்தில் பாடத் தேர்வானபோது, அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. பின்னர் பாடலில் சில பிரெஞ்சு வரிகள் சேர்ந்தன. 2016இல் ஸ்பெயின் முதன்முறையாக முழு ஆங்கிலப் பாடலை அனுப்பியபோது, அந்நாட்டு மொழி அகாதெமியின் உறுப்பினர் ஒருவர் வெளிப்படையாகக் கண்டித்தார்.

தாய்மொழிகள் திரும்பிய பாதை

விதி போனபின் தாய்மொழிப் பாடல் முதன்முதலில் வென்றது 2007இல். ஹெல்சிங்கியில் செர்பியாவின் மரியா ஷெரிஃபோவிச் 'மொலித்வா' பாடலைச் செர்பிய மொழியில் பாடினார். ஆடம்பர ஆட்டங்கள் இல்லாத, குரலை மட்டுமே நம்பிய பாடல் அது. 2012இல் ரஷ்யாவின் புரானோவோ கிராமத்துப் பாட்டிமார் உத்முர்த் மொழியில் பாடி, ஆங்கிலப் பல்லவியையும் சேர்த்து, பாகுவில் இரண்டாம் இடம் பெற்றனர். தங்கள் ஊர்த் தேவாலயத்தை மீண்டும் கட்டுவதற்காகப் பாட வந்த முதிய பெண்கள், பலர் பெயர்கூடக் கேட்டறியாத ஒரு மொழியை உலகறியச் செய்தனர்.

2016இல் உக்ரைனின் ஜமாலா, 1944இல் ஸ்டாலின் அரசு கிரிமியத் தாத்தார் மக்களை நாடுகடத்திய கொடுமையைப் பாடினார். பாடலின் மற்ற பகுதிகள் ஆங்கிலத்தில் அமைய, பல்லவி மட்டும் கிரிமியத் தாத்தார் மொழியில் ஒலித்தது. செய்தியை உலகுக்குச் சொல்ல ஆங்கிலமும், இழப்பை அழுது தீர்க்கத் தாய்மொழியும் தேவைப்பட்டன. ஸ்டாக்ஹோமில் அந்தப் பாடல் முதலிடம் பெற்றது. அடுத்த ஆண்டு கீவ் நகரில் போர்ச்சுகலின் சல்வடோர் சொப்ரால் 'அமார் பெலோஸ் தோய்ஸ்' பாடலைப் போர்த்துக்கீசிய மொழியில் பாடி 758 புள்ளிகள் குவித்தார். 1964 முதல் பங்கேற்றுவந்த நாட்டுக்கு அதுவே முதல் வெற்றி.

2021இல் ரோட்டர்டாமில் இத்தாலியின் மொனெஸ்கின் குழு இத்தாலிய மொழியில் வென்றது. இரண்டாம் இடம் பிரான்ஸ், மூன்றாம் இடம் சுவிட்சர்லாந்து. இரண்டும் பிரெஞ்சுப் பாடல்கள். முதல் மூன்று இடங்களில் ஆங்கிலமே இல்லை. 2022இல் டூரினில் உக்ரைனின் கலுஷ் ஆர்கெஸ்ட்ரா உக்ரேனிய மொழியில் பாடிய 'ஸ்தெஃபானியா', மக்கள் வாக்கில் மட்டும் 439 புள்ளிகள் பெற்று வென்றது. 2023இல் பின்லாந்தின் கேரியா பின்னிஷ் மொழியில் பாடி மக்கள் வாக்கில் முதலிடமும் மொத்தத்தில் இரண்டாம் இடமும் பெற்றார். 1980இல் 16ஆம் இடத்தில் நின்ற சாமி யோய்க், 2019இல் நார்வேயின் கெய்னோ குழுவின் பாடலில் திரும்பி வந்து மக்கள் வாக்கில் முதலிடம் பெற்றது. 1999 முதல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடிவந்த சுவீடனும் 2025இல் சுவீடிய மொழிக்குத் திரும்பியது. நீராவிக் குளியலைப் பாடும் அந்தப் பாடலைத் தந்த கய் குழுவினர், சுவீடிய மொழி பேசும் பின்லாந்துக்காரர்கள். தங்கள் வோரோ வட்டார வழக்கிலேயே பாடி நான்காம் இடம் பெற்றனர்.

இந்தத் திரும்புதலுக்குப் பின்னால் உள்நாட்டு விழாக்களின் பங்கு பெரியது. இத்தாலிக்குச் சான்ரெமோ விழா இருக்கிறது. அங்கே பாடல் இத்தாலிய மக்களுக்காக எழுதப்படுகிறது. யூரோவிஷன் அதற்குப் பிறகுதான். அல்பேனியாவின் 'ஃபெஸ்திவாலி இ கங்கஸ்' விழாவும் 1962 முதல் அல்பேனிய மொழிப் பாடல்களை வளர்த்துவருகிறது. அங்கே வென்ற பாடல்கள் சில ஆண்டுகளில் யூரோவிஷனுக்காக ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டாலும், பாட்டின் பிறப்பு அல்பேனிய மொழியில்தான்.

எனினும் சிறு மொழிகளின் இடர்ப்பாடு தீர்ந்துவிடவில்லை. 2025இல் மால்டா அனுப்பிய பாடலின் தலைப்பில் 'பாடுதல்' என்ற பொருள்கொண்ட ஒரு மால்டியச் சொல் இருந்தது. ஆங்கிலக் காதுக்கு அது வசைச்சொல்லாகக் கேட்கிறது என்ற முறையீட்டால் அந்தச் சொல் நீக்கப்பட்டது. தன் மொழியில் குற்றமற்ற ஒரு சொல், மற்றொரு மொழியில் எப்படிக் கேட்கிறது என்பதால் மேடையை இழந்தது.

விதி நீங்கிய 1999 முதல் 2025 வரை நடந்த 26 போட்டிகளில், ஆங்கிலம் கலவாத பாடல்கள் வென்றவை நான்கே: 2007, 2017, 2021, 2022. எழுபது ஆண்டு வரலாறு தரும் தீர்ப்பு இது. கட்டாயத்தால் ஒரு மொழியை மேடையில் நிறுத்தலாம். அதைக் கேட்கவைக்க முடியாது. அதே வேளையில் சுதந்திரம் மட்டும் தந்தால் வலுத்த மொழியே இடத்தை நிரப்பும். மால்டாவும் லக்சம்பர்க்கும் தோல்விக்கு அஞ்சித் தம் மொழியைக் கைவிட்டன. புரானோவோ பாட்டிமாரும் சொப்ராலும் அதைக் கைவிடாமல் பாடினர். தன் மக்கள் வீட்டிலும் விழாவிலும் பாடி வளர்க்கும் மொழியே அயலார் மேடையிலும் தலைநிமிர்ந்து நிற்கிறது.